வட கடலில் திமிங்கலமும் கடற்பறவையும் பார்க்க: சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ஐஸ்லாந்துக்கோ நார்வேக்கோ திமிங்கலம் பார்க்கப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் மலிவான விமான டிக்கெட்டைத் தேடுகிறார்கள். டிக்கெட் போட்ட மாதத்தில் அந்தக் கடலில் என்ன இருக்கும் என்பதைப் பிறகு விசாரிக்கிறார்கள். தலைகீழான வரிசை இது. எந்த விலங்கு, எந்தப் பறவை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாதம் அதிலிருந்து வரும், துறைமுகம் மாதத்திலிருந்து வரும். பிறகு தங்கும் நாட்கள், அந்த நாட்களுக்கு விசா, கடைசியில் டிக்கெட். படகுக்குச் சீட்டு எடுப்பது இதில் மிகச் சுலபமான வேலை.

இந்தப் பயணத்தைக் கெடுப்பது பணக்குறைவு இல்லை, நாள் குறைவு. காற்றுக்காகப் படகை நிறுத்திவைப்பது அங்கே வாரத்துக்கு வாரம் நடப்பது. துறைமுக ஊரில் உபரியாக இரண்டு நாள் வைத்திருப்பவர் அநேகமாகத் திமிங்கலத்தைப் பார்த்துவிடுவார். ஒரே நாளை நம்பிப் போனவர் ஓட்டல் ஜன்னலிலிருந்து மழையைப் பார்ப்பார். கீழே உள்ள பல படிகள் அந்த இரண்டு நாளைக் காப்பாற்றுவதற்காகச் சொல்பவை.

1. மாதம்: பள்ளி விடுமுறையோடு பொருத்திப் பாருங்கள்

நம் பள்ளி விடுமுறைகள் மூன்றும் வடக்கே மூன்று வேறு கடல்களைக் காட்டும்.

கோடை விடுமுறைதான் இருப்பதில் சிறந்தது. மே கடைசி வாரமும் ஜூன் முதல் வாரமும் ஐஸ்லாந்தின் வடக்குக் கரைக்கு மிகப் பொருத்தமானவை. ஹம்ப்பேக், மிங்கி என்ற இரண்டு வகைத் திமிங்கலமும் இருக்கும். நீலத் திமிங்கலம் அங்குள்ள ஸ்க்யால்ஃபாண்டி வளைகுடாவுக்குள் வருவதும் பெரும்பாலும் மே, ஜூனில்தான். வந்தே தீரும் என்று சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்புள்ள மாதங்கள் அவை. பஃபின் பறவைகள் ஏப்ரலில் கரைக்கு வந்து ஆகஸ்ட் நடுவில் கடலுக்குத் திரும்பிவிடும். ஆகஸ்ட் கடைசியில் போய் "பஃபின் எங்கே?" என்று கேட்பவர்கள் எல்லா வருடமும் உண்டு. போன வாரம் வரை இங்கேதான் இருந்தன என்பதுதான் பதிலாக வரும்.

செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை. ஹம்ப்பேக் இன்னும் இருக்கும், பஃபின் இருக்காது. இரவில் வானம் திறந்தால் வடதுருவ ஒளி தெரியும். காற்று பலமாவதால் படகு ரத்தாகும் வாய்ப்பு கோடையைவிட அதிகம்.

டிசம்பர் அரையாண்டு விடுமுறைக்கு நார்வேயின் வடகோடி. ஹெர்ரிங் மீன் கூட்டத்தைத் துரத்தி ஓர்கா என்ற கறுப்பு வெள்ளைத் திமிங்கலமும் ஹம்ப்பேக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை அங்குள்ள ஃபியோர்டுகளுக்குள், அதாவது நிலத்துக்குள் நீண்டு புகும் கடற்கைகளுக்குள், வரும். எளிதில் பார்க்கக் கிடைக்காத காட்சிதான். ஆனால் அங்குள்ள ட்ரோம்சோ பகுதியில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. நடுப்பகலில் சில மணி நேரம் நீல நிற மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான். சிறு பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு இந்தப் பருவத்தைப் பரிந்துரைக்க மாட்டோம்.

2. துறைமுகம்: ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே தங்குங்கள்

ஹூசவிக், ஐஸ்லாந்து. ஸ்க்யால்ஃபாண்டி வளைகுடாவின் கரையில் உள்ள சின்ன ஊர். படகுத்துறை, ஓட்டல், மளிகைக்கடை, திமிங்கல அருங்காட்சியகம் எல்லாம் நடக்கும் தூரம். முதல் பயணத்துக்கு இதுதான் எங்கள் தேர்வு. வளைகுடா வடக்கே திறந்திருப்பதால் வடகாற்று அடித்தால் அலை நேரே உள்ளே வரும். தெற்குக் காற்றென்றால் கடல் ஓரளவு அடங்கியிருக்கும்.

ரெய்க்யாவிக், ஐஸ்லாந்து. தலைநகரத்தின் பழைய துறைமுகத்திலிருந்தே படகு கிளம்பும். மிங்கி, ஹம்ப்பேக், வெள்ளை அலகு ஓங்கல்கள் தெரியும். பக்கத்துச் சிறு தீவுகளில் பஃபின் கூடு வைப்பதால் ஒரு மணி நேரப் பஃபின் பயணங்களும் உண்டு. நாள் குறைவாக உள்ளவர்களுக்கு ஏற்றது. ஆனால் இதை மட்டும் பார்த்துவிட்டு ஐஸ்லாந்துத் திமிங்கலம் இவ்வளவுதான் என்று எடைபோட வேண்டாம்.

ஆண்டெனஸ், நார்வே. ஆண்டோயா தீவின் வடமுனை. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் அடிமட்டம் பெரும் பள்ளத்தாக்காக இறங்குவதால் ஸ்பெர்ம் திமிங்கலம் அங்கே வருடம் முழுதும் இரை தேடும். இவ்வளவு வடக்கே வருபவை எல்லாம் ஆண்கள். பெண்களும் குட்டிகளும் வெதுவெதுப்பான கடல்களிலேயே தங்கிவிடும்.

ட்ரோம்சோ, ஷெர்வோய், நார்வே. குளிர்கால ஓர்காவுக்கு. மீன் கூட்டம் சில வருடங்களுக்கு ஒருமுறை இடம் மாறும், திமிங்கலமும் கூடவே மாறும். ட்ரோம்சோவிலிருந்து ஷெர்வோய் கடலுக்குப் போய்வர நாள் முழுதும் ஆகும். ஷெர்வோயிலேயே தங்கினால் கடலில் உட்கார்ந்து போகும் நேரம் மிச்சம்.

பறவைக்காகவே போகிறவர்களுக்கு நார்வேயின் கிழக்குக் கோடியில் வார்டோ என்ற ஊர். அங்கிருந்து பத்து நிமிடப் படகில் ஹோர்னோயா தீவு. பஃபின், ரேசர்பில், இரண்டு வகை கில்லமாட், ஷாக், கிட்டிவேக் எல்லாம் ஒரே பாறைச்சுவரில் இருக்கும்.

ஒரே பயணத்தில் இரண்டு நாட்டுத் துறைமுகங்களைக் கோக்காதீர்கள். அலைச்சலில் உபரி நாள் இரண்டும் கரைந்துவிடும்.

3. விசா: மூன்று மாதம் முன்னால் தொடங்குங்கள்

ஐஸ்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கன் என்ற பொது விசா நாடுகளின் கூட்டத்தில் உண்டு. ஆகவே குறுகிய கால ஷெங்கன் விசா போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். அந்த 15 நாளை நம்பாதீர்கள். முடிவுக்கு 15 நாள் என்பது பொதுவான கணக்கு, சில விண்ணப்பங்களில் 45 நாள் வரை போகலாம். இங்கே கொடுக்கும் பாஸ்போர்ட் டெல்லி போய்த் திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடைக்கு முன் சென்னை விசா விண்ணப்ப மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே திண்டாட்டம். மே கடைசியில் பயணம் என்றால் பிப்ரவரியிலேயே நாள் பிடித்துவிடுங்கள்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. ஃபிராங்ஃபர்ட்டில் விமானம் மாறுவதால் ஜெர்மனிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது தவறு. நார்வேக்கு மட்டும் ஒரு படி கூடுதல்: அந்நாட்டுக் குடியேற்றத் துறையான யுடிஐயின் தளத்தில் படிவத்தை நிரப்பிக் கட்டணத்தையும் கட்டிவிட்டு, அதன் பிறகே ஆவணங்களோடு விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் மையத்துக்குப் போக வேண்டும்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. எஸ்எம்எஸ், கூரியர், சொகுசு அறை எல்லாம் விருப்பம்தான். வேண்டாம் என்று சொன்னால் விண்ணப்பத்துக்கு ஒரு குறையும் வராது.

கோப்பில் இருக்க வேண்டியவை:

பாஸ்போர்ட்: கடந்த பத்து வருடத்துக்குள் வாங்கியது, ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவது, இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளது. பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள்.

புகைப்படம்: 35க்கு 45 மில்லிமீட்டர், வெளிர் பின்னணி, அண்மையில் எடுத்தது. ஸ்டூடியோவில் "ஷெங்கன் விசாவுக்கு" என்று சொல்லுங்கள். நெற்றியில் விபூதி, பெரிய பொட்டு இல்லாமல் எடுத்துவிட்டால் கவுன்டரில் பேச்சு வளராது.

வேலைச் சான்று: நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் விடுப்புக் கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு. சொந்தத் தொழில் என்றால் ஜிஎஸ்டி அல்லது நிறுவனப் பதிவுச் சான்று.

பணச் சான்று: ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வங்கி முத்திரையும் கையெழுத்தும் வைத்து, கூடவே வருமான வரித் தாக்கல் நகல். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று ஐந்து லட்சம் வந்து விழுந்திருந்தால் அது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். வைப்புநிதியை உடைத்துப் போட்டதென்றால் அந்த ரசீதை இணையுங்கள்.

பயணக் காப்பீடு: குறைந்தது 30,000 யூரோ, ஷெங்கன் முழுவதுக்கும், தங்கும் எல்லா நாளுக்கும். படகுப் பயணத்தைச் சாகச விளையாட்டு என்று பாலிசி விலக்கி வைத்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

போக வர விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் தங்குமிடம், நாள்வாரித் திட்டம், படகு முன்பதிவு. படகுச் சீட்டைக் கட்டாயம் கேட்க மாட்டார்கள். ஆனால் சின்ன ஊரில் நான்கு இரவு எதற்கு என்ற கேள்விக்கு அதுவே பதில்.

பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று. பெற்றோரில் ஒருவர் மட்டும் கூடப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம், நோட்டரி கையெழுத்தோடு.

நம் ஊர்க்காரர்கள் தவறாமல் இடறும் இடம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். வங்கியில் முன்னால் ஓர் எழுத்து, சம்பளச் சீட்டில் பின்னால் ஓர் எழுத்து. விசாப் படிவம், விமான டிக்கெட், காப்பீடு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். மற்ற ஆவணங்களில் பெயர் எப்படி எப்படி இருக்கிறது, அவை எல்லாம் ஒரே ஆள்தான் என்பதை முகப்புக் கடிதத்தில் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் டிக்கெட்டில் குடும்பப்பெயர் இடத்தில் என்ன போடுவது என்பதை விமான நிறுவனத்திடமே கேளுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது.

அடுத்தது உபரி நாள். விசா ஸ்டிக்கரில் செல்லுபடியாகும் தேதிகள் ஒரு வரி, தங்க அனுமதித்த நாட்களின் எண்ணிக்கை இன்னொரு வரி. இரண்டுமே கட்டுப்படுத்தும்; தேதி மிச்சமிருந்தாலும் நாள் எண்ணிக்கையைத் தாண்ட முடியாது. ஏழு நாளுக்குத் திட்டம் கொடுத்து ஏழே நாள் வாங்கிக்கொண்டு போய், அங்கே காற்றடித்ததும் ஒரு நாள் நீட்டிக்கலாமே என்று நினைக்க முடியாது. உபரி நாட்களை முதலிலேயே திட்டத்திலும் ஓட்டல் பதிவிலும் காப்பீட்டிலும் சேர்த்துக் காட்டுங்கள்.

ஃபேரோ தீவுகளும் கிரீன்லாந்தும் டென்மார்க்கைச் சேர்ந்தவை, ஷெங்கனில் இல்லை. அங்கே போக விசாவில் தனிக் குறிப்பு வேண்டும். ஸ்வால்பார்ட் நார்வேயுடையது, அதுவும் ஷெங்கனுக்கு வெளியே. அங்கே போய் மீண்டும் ஆஸ்லோ வர இருமுறை நுழையும் விசா தேவை.

4. விமானம்: இடையில் எங்கே இறங்குகிறீர்கள்

சென்னையிலிருந்து ரெய்க்யாவிக்குக்கோ ட்ரோம்சோவுக்கோ நேரடி விமானம் இல்லை. ஃபிராங்ஃபர்ட் வழியாகவோ, துபாய் அல்லது தோஹா போய் அங்கிருந்து ஐரோப்பிய நகரம் ஒன்றின் வழியாகவோ போகலாம். லண்டன் வழி மலிவாகத் தெரிந்தால் கொஞ்சம் நில்லுங்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே விமானம் மாறவே பிரிட்டனின் ட்ரான்ஸிட் விசா கேட்கக்கூடும், குறுகிய கால ஷெங்கன் விசா அதற்கு விலக்குத் தராது. ஒரே டிக்கெட்டில் எல்லாப் பயணமும் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதன் காசு போனதுதான்.

ஐஸ்லாந்தில் ஒரு குழப்பம் உண்டு. வெளிநாட்டு விமானங்கள் இறங்கும் கெஃப்லாவிக் தலைநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். வடக்கே ஆக்குரேய்ரிக்குப் போகும் உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் நகருக்குள் உள்ள வேறு நிலையத்திலிருந்து கிளம்பும். அன்றே மாறிப் போக ஆசைப்படாதீர்கள், ஓர் இரவு ரெய்க்யாவிக்கில் தூங்கிவிடுங்கள். ஆக்குரேய்ரிக்கு விமானத்தில் முக்கால் மணி நேரம், காரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து ஹூசவிக் இன்னும் 75 கிலோமீட்டர் போல. பேருந்து உண்டு, நாளுக்குச் சில நடைதான்.

கார் எடுக்கிறீர்கள் என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்கேயே ஆர்டிஓவில் வாங்குங்கள். விண்ணப்பம் போக்குவரத்துத் துறையின் சாரதி தளத்தில், கட்டணம் 1,000 ரூபாய், பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்பார்கள். அதனால் விசா வந்த பிறகுதான் இது நடக்கும், அதற்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஆக்குரேய்ரியைத் தாண்டியதும் வரும் சுரங்கச் சாலையில் சுங்கச்சாவடி என்று எதுவும் நிற்காது. நம்பர் பலகையைக் கேமரா படித்துக்கொள்ளும், பணத்தை ஆன்லைனில் நீங்களே கட்ட வேண்டும். மறந்தால் வாடகை நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து அட்டையில் பிடித்துக்கொள்ளும். ஆள் இல்லாத பெட்ரோல் பங்குகளில் பின் நம்பர் உள்ள அட்டைதான் வேலை செய்யும்.

5. படகு: எது, எப்போது

முதல் நாள் அல்லது இரண்டாம் நாளுக்குப் போடுங்கள். கடைசி நாளுக்கு ஒருபோதும் வேண்டாம். திமிங்கலம் தெரியாவிட்டால் பல நிறுவனங்கள் இன்னொரு பயணத்தை இலவசமாகத் தரும், ஆனால் பணத்தைத் திருப்பித் தராது. மறுநாள் ஊரில் இருப்பவருக்கு மட்டுமே அந்தச் சலுகையால் பயன். வானிலையால் நிறுவனமே ரத்து செய்தால் பணமோ மாற்று நேரமோ கிடைக்கும். பதிவு செய்யும்போது அந்த விதியைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மரப்படகு மெதுவாகப் போகும், ஆட்டம் குறைவு, கழிப்பறை உண்டு, மேல்தளத்தில் உயரம் கிடைக்கும். திமிங்கலத்தின் உடலைப் பார்க்க உயரம் நல்லது. மூன்று மணி நேரப் பயணம். ரிப் எனப்படும் ரப்பர் விளிம்பு வேகப்படகு சீக்கிரம் போகும், ஒரே நடையில் பஃபின் தீவையும் திமிங்கலத்தையும் காட்டும், படம் எடுக்க நீர்மட்டத்திலேயே இருக்கலாம். ஆனால் அலை ஒவ்வொன்றும் முதுகெலும்பில் இறங்கும். கர்ப்பிணிகள், முதுகுவலி, கழுத்துவலி உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகளை அதில் ஏற்ற மாட்டார்கள். வயதான பெற்றோருடன் போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், மரப்படகுதான்.

காற்றை அங்கே வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். பத்து மீட்டர் என்பது மணிக்கு 36 கிலோமீட்டர். ஐந்துக்குள் இருந்தால் அருமை. எட்டைத் தாண்டினால் கடல் முழுக்க வெண்ணுரை, அதற்கிடையில் திமிங்கல மூச்சைப் பிரித்தறிவது கஷ்டம். படகு கிளம்புகிறது என்பதற்காக நீங்களும் கிளம்ப வேண்டும் என்றில்லை. நாளைக்கு மாற்ற முடியுமா என்று காலையிலேயே கேளுங்கள். ஜூனில் நள்ளிரவு வரை வெளிச்சம் இருப்பதால் மாலைப் பயணத்தையும் யோசியுங்கள். காற்று பல நாள் மாலையில் அடங்கும், கூட்டமும் குறைவு.

6. உடை

ஜூனிலும் கடல்மேல் பத்து டிகிரிக்குக் கீழேதான் இருக்கும், காற்றில் அது இன்னும் குறைவாக உறைக்கும். பல படகுகள் மேலே போட முழு உடுப்பு தரும். அதன் உள்ளே என்ன போடுகிறீர்கள் என்பதுதான் உங்களைக் காப்பாற்றும். உடம்போடு ஒட்டிய தெர்மல் ஒன்று, மேலே ஃப்ளீஸ் ஒன்று, அதற்கு மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். பருத்திப் பனியனும் ஜீன்ஸும் நனைந்தால் காயவே காயாது, உடம்பின் சூட்டையும் உறிஞ்சிவிடும். கம்பளிக் காலுறை, காது மூடும் தொப்பி, இரண்டு ஜோடி கையுறை: கேமராவுக்கு மெல்லியது, அதன் மேல் தடித்தது. இவை எல்லாம் சென்னை டெகாத்லான் கடைகளில் கிடைக்கும். அங்கே போய் வாங்கினால் விலை பல மடங்கு. செருப்பு, நழுவும் ஷூ வேண்டாம். படகின் தளம் எப்போதும் ஈரம்.

7. குமட்டல்

காருக்குள் வாந்தி எடுக்காதவரும் இங்கே எடுப்பார். அவோமின் போன்ற மாத்திரையைப் படகு ஏற ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு விழுங்கினால் அதுவும் வெளியே வரும். தூக்கம் வரும், அன்று கார் ஓட்டக் கூடாது. வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள், பிள்ளைகள் விஷயத்தில் இங்கேயே மருத்துவரிடம் கேட்டு, சீட்டோடு எடுத்துப்போங்கள். வெறும் வயிறும் ஆபத்து, எண்ணெய்ப் பலகாரமும் ஆபத்து. ரொட்டி, வாழைப்பழம் அளவாக. இஞ்சி மரப்பா பையில் இருக்கட்டும். படகின் நடுப்பகுதியில் நின்று அடிவானத்தைப் பாருங்கள். உள்ளே போய் உட்கார்ந்து செல்போனைப் பார்ப்பவர்தான் முதலில் சாய்வார்.

8. கடலை எப்படிப் பார்ப்பது

படகின் முகப்பை 12 மணி என்று வைத்துத்தான் வழிகாட்டி கத்துவார். வலப்பக்கம் 3, பின்புறம் 6, இடப்பக்கம் 9. "இரண்டு மணி" என்றால் வலது முன்பக்கம். இதைப் பிள்ளைகளுக்கு ஏறும் முன்பே சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் திரும்புவதற்குள் திமிங்கலம் உள்ளே போயிருக்கும்.

பைனாகுலரை எடுத்ததும் கண்ணில் வைக்காதீர்கள். வெறும் கண்ணால் அடிவானத்தை இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டுங்கள். தேடுவது முதுகை அல்ல, மூச்சை. வெள்ளைப் புகை போல ஒரு கணம் எழுந்து கலையும். பறவைகள் ஒரே இடத்தில் கூடிக் கத்தி நீரில் விழுந்தால் கீழே மீன் திரள் இருக்கிறது, அதன் கீழே திமிங்கலம் இருக்கலாம். இப்படியொரு இடத்தைக் கண்டதும் பைனாகுலர். எட்டு மடங்கு போதும், பத்து மடங்கு ஆடும் படகில் கையோடு சேர்ந்து ஆடும்.

மூச்சே பாதி அடையாளம். நீலத் திமிங்கலத்தின் மூச்சு ஒன்பது, பத்து மீட்டர் உயரம் நேராகப் போகும். அடுத்து நீண்ட முதுகு உருண்டு உருண்டு வரும், முடிவே இல்லை என்று தோன்றும் நேரத்தில் கடைசியில் ஒரு துளியூண்டு துடுப்பு தெரியும். ஃபின் திமிங்கலத்தின் மூச்சும் உயரம்தான், ஆனால் துடுப்பு பெரியது, வலது கீழ்த்தாடை மட்டும் வெள்ளை. ஹம்ப்பேக்கின் மூச்சு குட்டையாக, புதர்போல விரியும். முதுகை வளைத்து வாலைத் தூக்கினால் ஆழமாக இறங்குகிறது என்று அர்த்தம், ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள். மிங்கிக்கு மூச்சு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. அரிவாள் போல வளைந்த துடுப்பு இரண்டு மூன்று முறை தெரியும், வாலைக் காட்டாமலே போய்விடும். காற்று உங்கள் பக்கம் அடித்தால் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் வரும், அது மிங்கியின் மூச்சு.

ஸ்பெர்ம் திமிங்கலத்தின் மூச்சுத் துளை தலையின் இடப்பக்க முன்கோடியில் இருப்பதால் மூச்சு முன்னோக்கி இடது பக்கம் சாய்ந்து வரும். மிதக்கும் மரக்கட்டை மாதிரி சில நிமிடம் மேலே கிடந்து மூச்சு வாங்கிவிட்டு, வாலைச் செங்குத்தாக நிறுத்தி இறங்கும். கேமராவைத் தயாராக வைக்க வேண்டியது அந்த நிமிடங்களில்தான். இறங்கிவிட்டால் அரை மணி நேரம் போல மேலே வராது. ஆண்டெனஸ் படகுகள் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதன் டிக், டிக் ஒலியைப் பின்தொடரும். ஒலி நின்றால் திமிங்கலம் மேலே வருகிறது.

கேப்டனை "இன்னும் கிட்டப் போங்க" என்று நெருக்காதீர்கள். நல்ல படகு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து நிற்கும். கிட்டே வருவதா வேண்டாமா என்பதைத் திமிங்கலம் தீர்மானிக்கும்.

9. பறவைகள்

பழவேற்காட்டிலும் அடையாறு முகத்துவாரத்திலும் ஆலாக்களையும் கடற்காகங்களையும் பார்த்துப் பழகியவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. கிளம்பும் முன் ஒரு ஞாயிறு காலை அங்கே போய்ப் பறக்கும் பறவையைப் பைனாகுலருக்குள் பிடித்துப் பழகுங்கள். ஆடும் படகில் முதல்முறை முயன்றால் வானம்தான் தெரியும்.

பஃபினைப் பார்க்கும் பலர் "இவ்வளவு சின்னதா?" என்பார்கள். முப்பது சென்டிமீட்டர்கூட இருக்காது. நீர்மேல் தாழ்வாக, இறக்கைகள் சுழல்வதுபோல அடித்துக்கொண்டு நேர்க்கோட்டில் போகும். அதன் நெருக்கமான படம் வேண்டுமென்றால் படகை நம்பாமல் கரையில் கூடு உள்ள இடத்துக்கு மாலையில் போங்கள். கிழக்கு ஐஸ்லாந்தின் போர்கார்ஃப்யோர்தூர் எய்ஸ்ட்ரியில் மரத்தளத்தில் நின்றே அருகில் பார்க்கலாம்.

கறுப்பு கில்லமாட்: இறக்கையில் வெள்ளைத் திட்டு, சிவப்புக் கால். ஃபுல்மார்: கடற்காகம் மாதிரி இருந்தாலும் இறக்கையை விறைப்பாக வைத்துச் சறுக்கும், அலகின் மேல் குழாய் தெரியும். கிட்டிவேக்: இறக்கை நுனி மட்டும் மையில் முக்கியது போலக் கறுப்பு. கேனட்: பெரிய வெள்ளைப் பறவை, உயரத்திலிருந்து இறக்கையை மடக்கி நேரே நீருக்குள் பாயும். ஸ்குவா: மற்றப் பறவையைத் துரத்தி அது பிடித்த மீனைக் கக்கவைத்துப் பறிக்கும் ரவுடி. ஆர்க்டிக் ஆலா கூடு வைத்த பக்கம் நடந்தால் நம் உச்சந்தலையைக் கொத்தும். ஒரு குச்சியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தால் குச்சியின் நுனியைக் கொத்திவிட்டு விடும். செத்துக் கிடக்கும் பறவையைத் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சல் பயம் உண்டு.

10. கேமரா

100 முதல் 400 மில்லிமீட்டர் வரையிலான ஜூம் லென்ஸ் போதும். ஷட்டர் வேகம் திமிங்கலத்துக்கு 1/1000, பறக்கும் பஃபினுக்கு 1/2000க்குக் குறையாமல். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும், உபரியை உள்சட்டைப் பையில் வையுங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் போகும்போது கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் நீர் கோக்கும். ஹம்ப்பேக் வாலின் அடிப்புறக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு. தெளிவான படம் கிடைத்தால் ஹேப்பிவேல் தளத்தில் ஏற்றுங்கள், அதே திமிங்கலத்தை வேறு யார் எங்கே பார்த்தார்கள் என்பது தெரியவரலாம்.

11. செலவு

ஹூசவிக்குக்கு எட்டு நாள், இருவர் அறையைப் பகிர்ந்தால், ஒருவருக்குத் தோராயக் கணக்கு: சென்னையிலிருந்து விமானம் 80,000 முதல் 1,20,000 ரூபாய். விசாவும் சேவைக் கட்டணமும் 12,000 பக்கம். காப்பீடு 2,000. தங்குமிடம் இரட்டை அறைக்கு இரவுக்கு 15,000 முதல் 25,000, அதில் பாதி. மரப்படகு ஒரு நடைக்கு 8,000 முதல் 11,000, ரிப் படகு ஏறக்குறைய இரு மடங்கு. உள்நாட்டுப் பயணம், சாப்பாடு சேர்த்தால் இரண்டரை முதல் மூன்று லட்சம். நாணய மதிப்பு தினம் மாறும், பதிவு செய்யும் அன்று ஒருமுறை கணக்குப் போடுங்கள்.

மிச்சம் பிடிக்க ஒரே இடம் சாப்பாடு. சமையலறை உள்ள தங்குமிடமாகப் பாருங்கள். புளிக்காய்ச்சல், தொக்கு, பருப்புப்பொடி எல்லாம் செக்-இன் பெட்டியில் போகலாம். பாலும் இறைச்சியும் சேர்ந்த பொருளை வெளியிலிருந்து கொண்டுவர அங்கே தடை, ஆகவே நெய், பால்கோவா, தயிர் மிளகாய் வேண்டாம். வங்கி அட்டையில் அந்நியச் செலாவணிக்கு எத்தனை சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள் என்று கேளுங்கள். இரண்டு மூன்று சதவீதம் என்பது மூன்று லட்சத்தில் சின்னத் தொகை இல்லை. இங்குள்ள ஏஜென்ட்டிடம் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் என்று விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரியைப் பிடிப்பார்கள். சான்றிதழை வாங்கி வைத்தால் வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம்.

12. ரத்தான நாளில்

காலையில் நிறுவனத்தின் மின்னஞ்சலைப் பாருங்கள், ரத்துச் செய்தி பெரும்பாலும் அதில்தான் வரும். உடனே அலுவலகத்துக்கு நேரில் போய் அடுத்த நாளின் முதல் நடைக்கு மாற்றுங்கள். மதியம் போனால் மற்றவர்கள் இடம் பிடித்திருப்பார்கள். ஹூசவிக்கில் என்றால் அன்றைய பொழுதுக்குத் திமிங்கல அருங்காட்சியகம் இருக்கிறது. நீலத் திமிங்கலத்தின் முழு எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டால், மறுநாள் கடலில் தெரியும் முதுகு உடம்பில் எந்தப் பகுதி என்பது புரியும். திமிங்கலப் பல்லோ எலும்போ கடைகளில் நினைவுப்பொருளாகத் தென்பட்டால் வாங்க வேண்டாம். அவை சர்வதேச வணிகத் தடையில் உள்ளவை, சென்னை விமான நிலையச் சுங்கத்தில் பறிமுதலோடு நில்லாமல் வழக்கும் ஆகலாம்.